உஷார்! பாசியை விரட்டப் போய் மீனைக் கொன்றுவிடாதீர்கள்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? மணல்மேல் சிவப்பாகவோ பழுப்பாகவோ ஏதோ படர ஆரம்பித்திருக்கிறதா? அதைப் பார்த்துப் பதறி, கடைக்கு ஓடி, மருந்து வாங்கி வந்துவிட்டீர்களா?

அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நன்னீர் தொட்டியில் செய்கிற தப்பு பல சமயம் மன்னிக்கப்படும். கடல் தொட்டியில் மன்னிப்பே கிடையாது. ராத்திரி ஊற்றினால் காலையில் தெரிந்துவிடும்.

சென்னையில் ஒரு வீட்டில் போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பாவம், அவர்களே இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

நாலடி நீளத் தொட்டி. 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரண்டு க்ளவுன் மீன்கள், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டுமே நீமோதான். ஒரு ஃபயர் ஃபிஷ், ஒரு ராயல் கிராமா, வெள்ளை மீசை வைத்த ஒரு க்ளீனர் இறால், பத்துப் பன்னிரண்டு நத்தைகள். ஒன்றரை வருடம் அழகாக ஓடிய தொட்டி. சித்திரையில் மணலின் ஒரு மூலையில் ரத்தக்கறை மாதிரி ஒரு திட்டு விழுந்தது. மூன்றே வாரத்தில் மணல் முழுக்கக் கருஞ்சிவப்புப் போர்வை. தொட்டால் சளி மாதிரி வழுக்கியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோசை மாதிரி அப்படியே பெயர்ந்து வந்தது. மறுநாளே திரும்ப மூடிக்கொண்டது.

வீட்டுக்காரர் கடையில் கேட்டிருக்கிறார். "இத ஊத்துங்க சார், ரெண்டே நாள்ல போயிடும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மருந்து போடும்போது ஸ்கிம்மரை (கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி) நிறுத்துங்கள் என்பது முதல் வரி. கட்டாயம் ஏர் ஸ்டோன் போடுங்கள் என்பது அடுத்த வரி. முதல் வரியைப் படித்தார். அடுத்த வரி கண்ணில் படவில்லை. "நல்லா கேக்கட்டும்" என்று அளவைவிட அரைப் பங்கு கூடவே ஊற்றினார். அதுவும் ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி எட்டு மணிக்கு.

பத்து மணிக்கு அவர் மனைவி சொல்லியிருக்கிறார். "ஏங்க, தண்ணி கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்திருக்கே, பாருங்களேன்."

"மருந்து வேலை செய்யுது. அப்படித்தான் இருக்கும்."

இரண்டரை மணிக்குக் கரண்ட் போயிற்று. நாற்பது நிமிடம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஃபேன் சுற்றியது, யாரும் விழிக்கவில்லை. தொட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை.

காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்ச எழுந்த அம்மா, ஹாலில் காலடியில் ஏதோ ஈரமாக மிதிபட்டதும் விளக்கைப் போட்டார். ஃபயர் ஃபிஷ். மூச்சு முட்டி வெளியே குதித்திருக்கிறது. எறும்பு மொய்த்துக்கிடந்தது. ராயல் கிராமா ஊதா நிறமெல்லாம் வெளுத்து, வாய் அகலத் திறந்தபடி பாறை இடுக்கில் செருகிக்கொண்டு செத்திருந்தது. இறால் மல்லாந்து கிடந்தது. க்ளவுன் இரண்டும் மேல் மூலையில், தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து, மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடம் போக எழுந்த பிள்ளை கேட்டதாம்: "அப்பா, நீமோ ஏன் மேலயே நிக்குது?" மத்தியானத்துக்குள் அதில் ஒன்று போய்விட்டது.

அந்தச் சிவப்புப் போர்வை? இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்த மீன்களைப் பாசி கொல்லவில்லை. மருந்தின் விஷமும் கொல்லவில்லை. மூச்சடைத்துச் செத்தன.

உப்பு நீர் ஏற்கெனவே ஆக்சிஜனில் ஏழை. அதே சூட்டில் இருக்கும் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் அதில் ஆக்சிஜன் கரையும். தண்ணீர் சூடேறினால் இன்னும் குறையும். சென்னையின் சித்திரை வைகாசியில் சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பகலில் விளக்கு எரியும்போது பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். விளக்கு அணைந்ததும் அதே பாசி மீனோடு போட்டி போட்டு மூச்சு விடும். அதனால் விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் ராத்திரி மருந்தை ஊற்றுகிறீர்கள். போர்வை போர்வையாகச் செத்து அழுக ஆரம்பிக்கிறது. அதைத் தின்ன பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகுகிறது. அந்தக் கஞ்சித் தண்ணீர் வெளுப்பு அதுதான். அத்தனை கோடிக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரில் காற்றைக் கலந்துகொண்டிருந்த ஸ்கிம்மரை நீங்களே நிறுத்தியிருக்கிறீர்கள். மிச்சமிருந்த மோட்டாரைக் கரண்ட் நிறுத்தியது.

ராத்திரி எந்த மருந்தும் ஊற்றாதீர்கள். எந்த மருந்தும்!

தண்ணீர் வெளுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். அது அபாய மணி. அந்த நிமிடமே ஏர் பம்ப் போடுங்கள். ஸ்கிம்மரைத் திரும்ப ஓட்டுங்கள், நுரை பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை. உப்பும் சூடும் சரியாக இருக்கும் தண்ணீர் தயாராக இருந்தால் கால் பங்கு மாற்றுங்கள். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. அந்தச் சிவப்புப் போர்வை பாசியே இல்லை. சயனோபாக்டீரியா. பெயரிலேயே பாக்டீரியா இருக்கிறது. பூமியின் காற்றில் முதன்முதலில் ஆக்சிஜனை நிரப்பிய பரம்பரை அது. சில வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளும். அது பாக்டீரியா என்பதால்தான் அந்த மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மெடிக்கல் ஷாப்பில் எரித்ரோமைசின் மாத்திரை வாங்கிப் பொடி செய்து போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றி உங்கள் மீனை உயிரோடு வைத்திருப்பதும் பாக்டீரியாதான். மருந்து அதையும் தொடலாம். கடல் தொட்டியின் பி.எச். 8.2 பக்கம் இருக்கும். அந்த அளவில், நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அமோனியாவே கடுமையான விஷம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது, மருந்துக்கு அசராத கிருமிகளை வளர்க்கும் வேலையிலும் நாம் சேர்ந்துகொள்கிறோம்.

உஷார்! சிவப்பு வேறு, பழுப்பு வேறு.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மோசம் போகிறார்கள். தொட்டியில் சிவப்பாகவோ பழுப்பாகவோ படர்வது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம்.

தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, மணல்மேல் காப்பித்தூள் தூவினாற்போல் இருக்கிறது, விரலால் துடைத்தால் தூசியாகப் பறக்கிறது என்றால் அது டயாட்டம். தண்ணீரிலுள்ள சிலிக்கேட்டைத் தின்று வளர்வது. ஒன்றும் செய்யாதீர்கள். தானே வரும், தானே போகும். பயந்து மருந்து ஊற்றுகிற புதியவர்கள்தான் இங்கே தொட்டியைக் கெடுக்கிறார்கள்.

சிவப்பு, கரும்பச்சை, சில சமயம் கறுப்பு, தோல் மாதிரி முழுசாக உரிந்து வருகிறது என்றால் சயனோ. தண்ணீர் ஓட்டம் செத்துக்கிடக்கும் மூலையில் முதலில் தலைகாட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குவது. பழுப்பு நூல் நூலாகச் சளி. நூலின் நுனியில் காற்றுக் குமிழி. காலையில் மணல் பளிச்சென்று இருக்கும், மத்தியானம் விளக்கு ஏறியதும் சளி வந்துவிடும், ராத்திரி காணாமல் போகும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து சாகும். அதற்குப் பெயர் டைனோஃப்ளாஜெல்லேட். சில வகைகள் விஷம் சுரப்பவை. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்று ஒரு வகை இருக்கிறது. 2005-இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, அலைத் திவலையோடு கலந்த காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். கடலில் குளிக்காதவர்களும் அதில் உண்டு. அதே வகை நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் வளரும்.

இதில் பொறி எங்கே தெரியுமா? சயனோவோ பச்சைப் பாசியோ என்றால் தண்ணீரிலுள்ள சத்தைக் குறைக்க வேண்டும். டைனோ வருவதோ, பெரும்பாலும் சத்தை ஒரேயடியாக வழித்து எடுத்த தொட்டியில்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழி என்று டெஸ்ட் கிட் காட்டும். போட்டிக்கு வேறு உயிரே இல்லாத அந்த இடத்தில் இது ராஜா. "ஐயோ பாசி" என்று நீங்கள் இரையைக் குறைத்து, பாஸ்பேட்டை உறிஞ்சும் மீடியாவை இன்னும் கொஞ்சம் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவக் கழுவ அது கொழுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சளியைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அந்தத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காப்பி ஃபில்டர் தாளிலோ, அது இல்லையென்றால் நெருக்கமாக நெய்த துணியிலோ வடிகட்டுங்கள். வடிந்த தெளிவான தண்ணீரை விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். அது மறுபடி ஒன்றுகூடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ என்று பலமாகச் சந்தேகப்படுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துளி வைத்துப் பாருங்கள். டயாட்டம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும், இல்லை மெதுவாக நகரும். டைனோ உயிருள்ள பொட்டாக நீந்தும், சுழலும்.

டைனோ என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிரஷ் போட்டுத் தேய்த்து அறையெல்லாம் தெறிக்கவிடாதீர்கள்.

இனி சொல்வதையெல்லாம் தொட்டியில் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள்.

வோட்கா. ஆமாம், குடிக்கிற வோட்காதான். சர்க்கரை, வினிகர் என்றும் சொல்வார்கள். அதில் கரிமம் இருக்கிறது. பாக்டீரியா அதைத் தின்று பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அந்த பாக்டீரியாவை வெளியேற்றும். முறை பொய்யில்லை. நல்ல ஸ்கிம்மரை வைத்துக்கொண்டு, சொட்டுக் கணக்கில், வாரக்கணக்கில் ஏற்றுகிறவர்கள் வெற்றி பெற்றிருக்கிறார்கள். ஆனால் "ஒரு மூடி ஊத்து" என்று கேள்விப்பட்டு ஊற்றினால், மேலே சொன்ன கஞ்சித் தண்ணீர் கதைதான். அதோடு சத்தைச் சுழிக்கு இறக்கி டைனோவையும் கூப்பிடுவீர்கள்.

தாமிரம் கலந்த பாசி மருந்து. குளத்துக்கும் நன்னீர் தொட்டிக்கும் விற்பது. மீன் ஒருவேளை தாங்கும். நத்தை, இறால், நட்சத்திர மீன் எதுவும் தாங்காது. பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொண்டு பின்னால் மெல்லக் கசியவிடும். ஒருமுறை ஊற்றிய தொட்டியை இறாலுக்குத் திரும்ப நம்ப முடியாது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வைத்தியமும் வேண்டாம். மூன்று நாள் இருட்டடிப்பு, அதோடு மருந்து, அதோடு முழுத் தண்ணீர் மாற்றம். எது கேட்டது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

பச்சைக் கோலிகுண்டு மாதிரி பாறையில் மின்னும் குமிழ்ப் பாசியையும் விரலால் நசுக்கி உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் வித்துகள் தொட்டி முழுக்கப் பரவலாம். அடியோடு நெம்பி, முழுசாக எடுங்கள்.

உஷார்! அடுத்தது உங்கள் உயிர் விஷயம்.

மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் கைவிடுவது நீங்கள். உங்கள் பிள்ளையும்கூட.

பாசி போகவில்லை என்று பாறையை வெளியே எடுத்து அடுப்பில் கொதிக்க வைக்கிறார்கள் சிலர். கொதிநீரை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள் சிலர். செய்யவே செய்யாதீர்கள்! அந்தப் பாறையில் சின்னப் பூ மாதிரி விரிகிற ஜோவாந்திட், பாலிதோவா ஒட்டியிருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. கொதித்தாலும் அழியாது. ஆவியோடு காற்றில் ஏறி, வீட்டிலிருக்கும் எல்லோர் நெஞ்சிலும் இறங்கும். பல நாடுகளில் குடும்பம் குடும்பமாக, வளர்ப்பு நாயோடு சேர்த்து, மருத்துவமனையில் கிடந்திருக்கிறார்கள். நாக்கில் இரும்புச் சுவை, குளிர் காய்ச்சல், இருமல், மூச்சு இறுக்கம், கண் எரிச்சல். இதற்கென்று மாற்று மருந்து இல்லை. உடனே எல்லோரும் வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், பவளப் பாறையைக் கொதிக்க வைத்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலப்பதும் அதே மாதிரிதான். வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்தது கையில் வரும் புண். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். 1926-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல் மீன்களில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். விரலில் ஒரு சின்னக் கீறல் போதும், பாறையைத் தேய்க்கும்போது உள்ளே போய்விடும். உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு கட்டி. வலி பெரிதாக இருக்காது, ஆறவும் ஆறாது. பிறகு கை வழியாக மேலே வரிசையாக இன்னும் இரண்டு மூன்று. சாதாரண மாத்திரைக்குக் கேட்காது. பல மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். பரிசோதனைக்கூடத்தில் வழக்கமான 37 டிகிரியில் வளர்த்தால் இது சரியாக வளராது, 30 டிகிரி வாக்கில்தான் வளரும். டாக்டரிடம் "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்து, வருடக்கணக்கில் அலையவும் நேரும். சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? கல்லீரல் பிரச்சினை உள்ளவர்? அவர்களைத் தொட்டி கழுவ விடாதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் புண் வழியாக இறங்கினால் வாரக்கணக்கில் காத்திருக்காது. ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்து கொப்புளம் போடும், உயிருக்கே ஆபத்தாகும். கையுறை நூறு ரூபாய் விஷயம். தொட்டியில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

பிடுங்கிய பாசியை எங்கே போடுகிறீர்கள்? "கடலிலிருந்து வந்ததுதானே" என்று பெசன்ட் நகர் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கௌலெர்ப்பா என்ற அழகான பச்சைத் தொட்டிப் பாசி 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குத்தான் தென்பட்டது. யாரும் கவலைப்படவில்லை. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் கடற்புல்லை மூடிப் பரவியது. 2000-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் காயல் ஒன்றில் அதே பாசி தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் விட்டு, ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. நம் மன்னார் வளைகுடாவிலும் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாஃபைகஸ் பாசி, வளர்ப்புக்கென்று கொண்டுவரப்பட்டது, குருசடைத் தீவில் பவளங்களின்மேல் ஏறிப் போர்த்திக்கொண்டது. 2008-இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பிடுங்கிய பாசியை நாலு நாள் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கடலிலிருந்து பாறை பொறுக்கி வருவதும் வேண்டாம். பாறைப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, அவற்றை எடுப்பது சிறைக்குப் போகிற குற்றம்.

கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் ராத்திரி நீலமாக மின்னியதை எல்லோரும் போய் ரசித்தோம். அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம். அடுத்த மாதம் மண்டபம் பக்கம் இன்னொரு நாக்டிலூகாப் பெருக்கத்தில் கடலே பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. தொட்டியில் நடக்கும் மூச்சடைப்புதான் கடலிலும். மழை முடிந்த வாரங்களில், முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில், நிறம் மாறிய நேரத்தில் எடுத்த தண்ணீர் தொட்டிக்கு ஆகாது.

சரி, அந்த வீட்டுக்குத் திரும்ப வருகிறேன். மருந்துக்குப் பிறகும் ஏன் திரும்ப வந்தது?

நான் போயிருந்தபோது அவர்கள் அடுக்களையில் ஆர்.ஓ. தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தோம். 110 காட்டியது. "ஆர்.ஓ. தண்ணிதானே ஊத்துறோம்" என்றார் அவர், முகம் வெளுத்துப்போய். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காக ஒரு சின்னத் திருகு இருக்கும். அது சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். நாம் குடிக்க அது சரி. தொட்டிக்குச் சுழி வேண்டும். கேன் தண்ணீரும் சுழி இல்லை.

இந்தக் கணக்கைப் பாருங்கள். கோடையில் ஃபேன் வைத்த 250 லிட்டர் தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். மாதம் 100 லிட்டர் என்று வையுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருப்பது அத்தனையும் தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், மாதத்தில் ஒரு முழு கிராம் உள்ளே போகிறது. தொட்டி முழுக்க லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஏறும். மீனுக்கு ஒரு பருக்கை இரைகூடப் போடாமல்! பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இதே வழியில்தான் வருகின்றன. போர்வெல் தண்ணீர் கலந்தால் கேட்கவே வேண்டாம்.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தொட்டிக்கென்று டி.ஐ. ரெசின் வைத்த தனி ஆர்.ஓ. வாங்குங்கள். செலவுதான், தெரியும். செத்த மீன்களின் விலையைவிடக் குறைவு.

இரை விஷயத்திலும் நம் கை நீளம். மீன் கண்ணாடியருகே வந்து வாலை ஆட்டினால் மனசு கேட்காது, இன்னொரு சிட்டிகை போடுகிறோம். வீட்டில் அப்பா ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை. யாராவது ஒருவர் பொறுப்பு என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. உறைய வைத்த இறால் கட்டியை அந்தச் சாற்றோடு கொட்டாதீர்கள், டீ வடிகட்டியில் அலசிப் போடுங்கள்.

சயனோ என்று உறுதியானால் முதலில் கைதான் மருந்து. மெல்லிய ட்யூப் வைத்து, தண்ணீர் மாற்றும்போதே போர்வையை உறிஞ்சி வெளியேற்றுங்கள். வாரம் ஒருமுறை, பத்திலிருந்து பதினைந்து சதவீதத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். செத்த மூலைக்கு ஒரு சின்ன வேவ்மேக்கரைத் திருப்பிவிடுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்குக் குறையுங்கள், ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் மறையுங்கள். ஃபில்டர் துணியை மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றித் துவையுங்கள். அதில் அழுகும் கழிவுதான் அடுத்த போர்வைக்கு உரம். நைட்ரேட் லிட்டருக்கு 5-லிருந்து 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். சுழிக்குக் கொண்டுபோகாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முடி மாதிரி நீளும் பச்சைப் பாசியை வேரோடு பிடுங்குங்கள், மிச்சத்தை ட்ரோக்கஸ், டர்போ நத்தைகள் மேயும். தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப்பில் கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்த்தால், மேலே வளர வேண்டிய பாசியின் சாப்பாட்டை அது கீழேயே தின்றுவிடும். இதெல்லாம் ஆறு வாரம், எட்டு வாரம் பிடிக்கும். அந்த எட்டு வாரம்தான் யாருக்கும் பொறுப்பதில்லை.

எல்லாம் செய்தும் போகவில்லை, மருந்துதான் கதி என்றால், விடுமுறை நாள் காலையில், விளக்கு எரிந்ததும் போடுங்கள். அளவு தாளில் உள்ளபடி. முந்தின நாளே போர்வையை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், சாவதற்கு உள்ளே குறைவாக இருக்கட்டும். ஏர் ஸ்டோன் இரண்டு. அன்று முழுக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருக்கிறவர்களே, கரண்ட் போய் மூன்று நான்கு மணி நேரம் கழித்து வந்தால் அதைத் தானாக ஓட விடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் காற்றில்லாமல் பாக்டீரியா செத்து, அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். திறந்து முகருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அடுத்த டிசம்பர் வரத்தான் போகிறது.

அந்த வீட்டில் இப்போது ஒற்றை க்ளவுன் மட்டும் நீந்துகிறது. தொட்டிக்குப் பக்கச் சுவரில் ஆணி அடித்து, கரண்ட் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப்பை மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா? இருந்தால் இப்போதே எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய அன்று போட்ட பேட்டரி இன்றும் வேலை செய்கிறதா என்று.